மெத்தையில் ஈரம்

போன வாரம் டீச்சர் தன் நாத்தனாருக்குப் போன் செய்ததோடு நிறுத்தியிருந்தோம். மாமாவைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதும், காரணம் சொல்லத் தயங்கியதும், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்ததும் நினைவிருக்கும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குடும்பத்துக்கு வீடு என்பது ஒரு பழைய மோட்டார் ஹோம். லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடைகளைப் பழுது பார்ப்பது மகனுக்கு வேலை. இந்த மாதம் ஓர் ஊர், அடுத்த மாதம் இன்னோர் ஊர். வாடகைக்கு வீடு தேடி அலுத்துப்போனவன், ஓடாமல் கிடந்த ஒரு பெரிய வேனை வாங்கி, அடுப்பு, அலமாரி, ஷவர், படுக்கை எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்திக்கொண்டான். வண்டியைப் பார்க்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் விடமாட்டான்.

அவன் மனைவி அந்த வண்டிக்குள் உட்கார்ந்தபடியே போன் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். அதனால் வண்டி எங்கே நின்றாலும் அவள் டீச்சர்தான். அவனுடைய அப்பா ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவர் மாமா. மனைவி காலமான பிறகு இவர்களோடு வந்து சேர்ந்தார்.

வண்டி இப்போது நிற்கும் இந்த லாரி யார்டுக்கு வந்த பிறகுதான் அது ஆரம்பித்தது. காலையில் பெரியவர் எழுந்து போனால் மெத்தையில் ஈரம். தொட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை, வாடையே சொல்லிவிடும்.

பெரியவர் போர்வையை நான்காக மடித்து ஈரத்தின் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். டீச்சர் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடி, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு விரிப்பை உருவி வாளியில் போடுவாள். நாளாக ஆக, மதியத்துக்கு மேல் பெரியவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். அவர் உதடு வெடித்திருந்ததை அவளும் கவனித்தாள். நல்லதுதான் என்று நினைத்துப் பேசாமல் இருந்தாள்.

இன்று மதியம் நாத்தனார் காரில் வந்து அப்பாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

காலையில் டீச்சர் எழுந்தபோது பெரியவர் படுக்கையில் இல்லை. எடைமேடை அலுவலகத்துக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில், குளித்து முடித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் பெட்டி. அதற்குள்ளேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார் போலிருக்கிறது. டீச்சருக்கு என்னவோ செய்தது. இருந்தாலும், இன்றைக்கு ஒரு நாள்தானே என்று சொல்லிக்கொண்டு வழக்கம்போல் விரிப்பை உருவினாள். வழக்கம்போல் ஈரம்.

வாளியோடு இறங்கியபோது, கேட்டில் காவலுக்கு இருக்கும் பெண்மணி எதிரே வந்தாள். யார்டில் எல்லோருக்கும் அவள் கேட் அக்கா. இராப்பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றாள்.

"பெரியவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா டீச்சர்?"

"ஏன் அக்கா?"

"ராத்திரி பூரா உங்க வண்டி டிரைவர் சீட்டுலதானே உட்கார்ந்திருந்தார். லாரிக்குக் கேட் திறக்க வர்றப்பல்லாம் பார்த்தேன். தலையைக் கண்ணாடியில சாய்ச்சுக்கிட்டுத் தூங்குறார். படுக்க இடமில்லையோன்னு நினைச்சேன்."

டீச்சர் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். கேட் அக்கா போய்விட்டாள். வாளி கையிலேயே இருந்தது.

போனில் தான் பேசியதை மாமா கேட்டிருக்கிறார். தடுப்பு என்று இருப்பதே விரல் கனத்துக்கு ஒரு பலகைதான், கேட்காமல் எப்படி இருக்கும்? கேட்டுவிட்டு, இன்றைக்கு ஒரு ராத்திரியாவது மெத்தை நனையாமல் இருக்கட்டும் என்று எழுந்து முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அது ஒரு பக்கம். கணக்கு டீச்சர் இல்லையா, மறு பக்கம் அதற்குள் மனதில் ஓடிவிட்டது. ராத்திரி அவர் மெத்தையில் படுக்கவே இல்லை. அப்படியானால் இந்த ஈரம் யாருடையது?

திரும்பி உள்ளே போனாள். முதல் முறையாக, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் குனிந்து மெத்தையை மோந்து பார்த்தாள். புளித்துப்போன சோப்புத் தண்ணீர் வாடை. அதற்குள் எங்கோ அவளுடைய ஷாம்பூவின் வாசனை.

மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாத்தினாள். கட்டில் பலகை கிறீச்சிடக்கூடாது என்று அதன் மேல் கனமான கம்பளி விரிப்பு ஒன்றைக் கணவன் ஒட்டியிருந்தான். அதன் ஓரம் பலகையைத் தாண்டித் தரைவரை தொங்கியது. மேலிருந்து கீழ்வரை முழுக்க நனைந்திருந்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி, தரையில் இருந்த தண்ணீரை உறிஞ்சி மேலே மெத்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. தரையில் அந்தத் தண்ணீர் வந்த வழியைப் பார்த்தாள். கட்டிலின் தலைமாட்டில் ஷவர் அறையின் சுவர். அதன் அடியிலிருந்து வந்திருந்தது.

கணவனைக் கூப்பிட்டனுப்பினாள். எடைமேடையின் குழிக்குள் இருந்தவன் கிரீஸ் கையோடு வந்தான். வேலை நேரத்தில் கூப்பிட்டதற்கு முதலில் சலித்துக்கொண்டான். மெத்தை நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து அவளே ஷவர் அறையில் ஊற்றினாள். இரண்டு பேரும் கட்டிலடியில் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். யார்டின் தரை ஒரு பக்கம் சரிவு, வண்டியும் அந்தப் பக்கம்தான் சாய்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அடியிலிருந்து நீலமாக ஒரு கோடு கிளம்பி, சாவகாசமாக நடந்து வந்து, கம்பளி விரிப்பின் ஓரத்தைத் தொட்டது. விரிப்பு நீலமாக ஆரம்பித்தது.

அந்த ஷவரை உபயோகிப்பது அவள் ஒருத்திதான். கணவன் வேலை முடிந்து கிரீஸோடு வருவதால் யார்டுக் குளியலறையிலேயே குளித்துவிடுவான். பெரியவர் காலையில் வெளிக்குழாயில். சாயங்காலம் வகுப்பு முடித்து, தலை வலிக்கிறது என்று நிதானமாக நின்று குளிப்பது அவள்தான். அவள் குளித்த தண்ணீர்தான் ஒவ்வொரு நாளும் ராத்திரி முழுக்க மெல்ல ஏறி, மாமாவின் முதுகுக்கு அடியில் போய் நின்றிருக்கிறது. அதைத்தான் காலையில் அவள் மூக்கை மூடிக்கொண்டு துவைத்திருக்கிறாள்.

உடம்பு முழுக்கக் கூசியது.

முதலில் ஒழுகலைச் சரி செய்துவிடுகிறேன், பிறகு அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான் கணவன். தன் அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னான். அவள் போன் செய்தாள். நாத்தனார் கிளம்பிவிட்டிருக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அவன் வேலையில் இறங்கினான். ஷவர் தரையின் சல்லடை மூடியைக் கழற்றினான். குழாய் வாயிலிருந்து அவள் தலைமுடி கயிறு கயிறாக வந்தது. வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, வெளியே தரையில் மல்லாந்து படுத்து, குளிக்க நிற்கும் ஷவர் தட்டுக்கு அடியில் கையை விட்டான். அங்கே என்னவோ நோண்டி எடுத்துப் பக்கத்தில் போட்டான். தண்ணீர் வடியும் கிண்ணத்தைத் தட்டோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய பெரிய நட்டு, ஸ்பானரே இல்லாமல் விரலாலேயே சுழன்று வந்துவிட்டது. ஊர் ஊராக ஓடிய குலுக்கலில் எப்போதோ தளர்ந்திருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் பூசியிருந்த பழைய பசை, வெயிலில் உரிந்த தோல் மாதிரி கையோடு வந்தது.

பிளேடால் சுரண்டி, துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, புது ரப்பர் வாஷர் போட்டு, விளிம்பைச் சுற்றிப் புதிதாகப் பசை வைத்தான். கிண்ணம் சுற்றிக்கொள்ளாமல் மேலிருந்து ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும், கீழிருந்து ஒருவர் நட்டை இறுக்க வேண்டும். டீச்சர் அந்த அலமாரி அளவு ஷவர் அறைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் குரல் ஓட்டை வழியாக வந்தது.

"நல்லா அழுத்து."

அழுத்தினாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததால் கேட்க முடிந்தது.

"மாமாகிட்ட யார் சொல்றது?"

நட்டு திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களைத்தான் கேட்கிறேன்."

"இன்னும் கொஞ்சம் அழுத்து."

அப்போதுதான் கார் வந்து நின்றது.

நாத்தனார் நல்ல மனுஷி. ஆனால் அவளுக்குக் குரல் மெதுவாக வராது. ரகசியம் பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும். ஷவர் அறையின் சின்ன ஜன்னல் வழியாக டீச்சர் எல்லாவற்றையும் பார்த்தாள். கார்க் கதவு திறந்தது. நாத்தனார் கையில் பெரிய பொட்டலம், நீலமும் வெள்ளையுமாக, மேலே சிரிக்கும் ஒரு முதியவரின் படம். எடைச்சீட்டு வாங்க நின்றிருந்த லாரி டிரைவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியவங்களுக்குன்னே விக்கிறாங்கப்பா, டயபர். வழியில சங்கடமில்லாம இருக்கும், ஒண்ணு போட்டுக்கிட்டே கிளம்புங்க. இதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

பெரியவர் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்கள்.

டீச்சர் கிண்ணத்திலிருந்து கையை எடுத்தாள். "விடாதே, விடாதே, சுத்திக்கும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவள் அதற்குள் படியில் இறங்கிவிட்டாள். கையெல்லாம் பசை. பெஞ்சுவரை எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வழியில் யோசித்து வைத்த பக்குவமான வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"அது மாமா இல்லை அண்ணி" என்றாள். "அது நான் குளிச்ச தண்ணி."

நாத்தனாருக்குப் புரியவில்லை. டீச்சர் முதலிலிருந்து சொன்னாள். ஷவர் ஒழுகியதை, விரிப்பு உறிஞ்சியதை, மாமா படுக்காத ராத்திரியும் மெத்தை நனைந்திருந்ததை. டிரைவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல நாத்தனாரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது, மெத்தைக்குப் போட பிளாஸ்டிக் உறை கேட்டுப் பக்கத்து வீட்டிலும் சொல்லியாகிவிட்டது என்று அவள் முணுமுணுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பேசியது பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்டது.

பெரியவர் பொட்டலத்தைப் பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

அவள் ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்தார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்திவிட்டு மறுபடியும் குடித்தார். செம்பு காலியானது.

"இன்னும் வேணுமா மாமா?"

தலையசைத்தார். இரண்டாவது செம்பையும் குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவள் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியலையா மாமா? நீங்க இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"முதல்ல சந்தேகமாத்தான் இருந்தது. அடியில ஈரம், துணியில அவ்வளவா இல்லையேன்னு." செம்பை அவளிடம் நீட்டினார். "நீ முகத்தைத் திருப்பிக்கிட்டு விரிப்பை எடுத்தே பாரு, அன்னைக்கு நான்தான்னு நம்பிட்டேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வார்டில் எந்தக் கட்டிலுக்கு என்ன காய்ச்சல் என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அங்கேயே அழுதாள். அழுது அவர் ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

நாத்தனார், அப்படியானால் அப்பா இங்கேயே இருக்கட்டுமே, நான் திரும்பிப் போகிறேன் என்றாள். பெரியவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இல்லம்மா, நான் உன்கூட வரேன்."

"கோபமா மாமா?" என்று கேட்டாள் டீச்சர்.

"கோபம் எல்லாம் இல்லை. நீயும் அவனும் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இனி கொஞ்ச நாள் சங்கடப்படுவீங்க. அந்தச் சின்ன இடத்துல அதை எங்கே வச்சுக்கிறது?"

மகன் அப்போதுதான் வந்தான். சட்டை முதுகெல்லாம் மண், விரலெல்லாம் பசை. நட்டை இறுக்கி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்திருக்க வேண்டும். அப்பாவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்தபடி, இனிமேல் ஒழுகாது என்று மட்டும் சொன்னான். நன்றாக இறுக்கினாயா என்று கேட்டார் பெரியவர். இறுக்கினேன் என்றான். பெட்டியை வாங்கிக் காரில் வைத்தான். கார் கேட்டைத் தாண்டும்வரை இரண்டு பேரும் நின்றார்கள். பெரியவர் கையசைத்தார். இவன் பசைக் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கார் திரும்பிவிட்டது.

அன்றைக்கு வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு டீச்சர் இடத்தைச் சுத்தம் செய்தாள். நீலமாகிப்போன கம்பளி விரிப்பைக் கிழித்து எடுத்தாள். மெத்தையை வெயிலில் சாத்தினாள். வெளியே பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே உரிந்த பசையும் பழைய வாஷரும் சிதறிக் கிடந்தன. கூட்டி அள்ளியபோது அவற்றுக்கு நடுவில் ஒரு துணிச் சுருள் கையில் பட்டது.

வளையம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. பிரித்துப் பார்த்தாள். சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு பொத்தான் துளை. கணவனுடைய வேலைச் சட்டையின் கை. அந்தச் சட்டை கிழிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று இந்த யார்டுக்கு வந்த புதிதில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

உள்ளே போனாள். அவன் மடக்கு மேசையருகே உட்கார்ந்து விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டிருந்தான். துணியை அவன் முன்னால் வைத்தாள்.

"இதை எப்போ கட்டினீங்க?"

அவன் துணியைப் பார்த்தான். மறைக்க முயலவில்லை. வந்த முதல் வாரமே வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியதைப் பார்த்திருக்கிறான். சாமான் எல்லாம் எடுத்துப் பிரிக்க அன்றைக்கு நேரமில்லை. சட்டைக் கையைக் கிழித்து நட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறான். சொட்டு நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டான்.

டீச்சர் மனதுக்குள் அந்தத் தண்ணீரைப் பின்தொடர்ந்தாள். துணி கட்டாமல் இருந்திருந்தால் அது மண்ணில் சொட்டிப் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. கீழே போகிற வழியை அடைத்ததால் தரைப் பலகையோடு ஓடிக் கட்டிலுக்குப் போயிருக்கிறது.

"மெத்தை நனைஞ்சப்போ உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவன் விரலில் மீதி இருந்த பசையை உரித்தான்.

"தோணிச்சு."

"தோணியுமா?"

"பிரிச்சுப் பார்க்கணும்னு நினைச்சேன். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்னே போயிடுச்சு. அதுக்குள்ள நீ அக்காவுக்குப் போன் பண்ணிட்டே. அப்புறம் எப்படிச் சொல்றது? என் கையால பண்ணின ஷவர்னு எத்தனை பேர்கிட்ட பீத்தியிருக்கேன்." நிறுத்தினான். "அப்பா போனா போகட்டும், கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம்னுகூட ஒரு தடவை நினைச்சேன்."

அவளுக்கு அவன்மேல் பாய வேண்டும் போலிருந்தது. பாய்வதற்கு வாய் வரவில்லை. அந்த நினைப்பு அவளுக்கும் வந்திருந்தது. போனில் நாத்தனார் சரி என்று சொன்னபோது, கட்டில் இருந்த இடத்தில் ஒரு மேசை போடலாம் என்று மனதுக்குள் அளந்தவள் அவள்.

இரண்டு பேரும் துணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

போன் அடித்தது. நாத்தனார் எண். அவன் எடுக்கவில்லை. டீச்சர் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மேசையில் அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். பெரியவரின் குரல் வண்டிக்குள் தெளிவாகக் கேட்டது.

"வந்து சேர்ந்துட்டோம்ப்பா. பசை காயறவரைக்கும் அவளைக் குளிக்க விடாதே. நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்திப் பார்த்துட்டுச் சொல்லு. அந்த நட்டு எப்படித்தான் அவ்வளவு தளர்ந்துதோ, உன் வேலை அப்படி இருக்காதே."

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் துணியைக் கையில் எடுத்தான்.

"அப்பா" என்றான்.

"சொல்லு."